ஏழு மேலங்கிகளும் ஒரு வெளிக்காவலரும்

காப்பிக் கலர் மேலங்கி என் கணவரின் தோளில் இறங்கியபோது நான் பெண்கள் பக்கத்து மூன்றாவது வாங்கில் உட்கார்ந்திருந்தேன். என்னை அறியாமல் அரைவாசி எழுந்தும் விட்டேன். பின்னாலிருந்த யாரோ என் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள்.

மூவரசர் திருநாள் காலை. கண்டி மஹய்யாவ மேட்டில் பனி இன்னும் விலகவில்லை. கோயிலுக்குள் சாம்பிராணிப் புகையும் ஈரக் குடை வாடையும் கலந்து கிடந்தன. பீடத்தின் முன்னால் ஏழு ஆண்கள் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி முழந்தாளில் நின்றார்கள். ஏழு பேருக்கும் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காற்சட்டை. தலை குனிந்திருக்க வேண்டும், கண்கள் மூடியிருக்க வேண்டும் என்பது முறை.

வலது ஓரத்தில் முதலாவதாக நின்றவர் என் கணவர் பெனடிக்ட். அன்று அவர் தோளில் விழ வேண்டியது சிவப்பு மேலங்கி. தலைவருக்கு உரிய, தங்க நிறக் குஞ்சம் வைத்த சிவப்பு. பழைய குஞ்சம் பிய்ந்துவிட்டதென்று கொழும்பு வீதியில் நூல் வாங்கி வந்து புதிதாகக் கட்டியவள் நான்.

விழுந்தது காப்பிக் கலர். அது வெளிக்காவலருடையது. எங்கள் சபையில் அதற்குக் கீழே ஒரு பதவி கிடையாது.

என் பக்கத்தில் இருந்தவர் என் மதினி அன்னம்மா, பெனடிக்டின் ஒரே அக்கா. தம்பி பெரிய பதவிக்கு வருவதைப் பார்க்கப் புசல்லாவையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார். அவர் என் காதோடு குனிந்தார்.

"இதுதானா புள்ள, தம்பியோட கலரு?"

நான் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்ல கலருதான். அழுக்குத் தெரியாது" என்றார் மதினி.

என் அலுமாரியில் ஒரு சபை

இத்தனை வாரமாகப் பள்ளிக்கூடக் கதைகளையே எழுதிக்கொண்டிருக்கிறீர்களே, வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லையே என்று ஒரு வாசகி சந்தையில் என்னை மறித்துக் கேட்டார். கையில் பீர்க்கங்காயோடு நின்றபடி எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவரைப் பற்றி எழுதுவதென்றால் சபையைப் பற்றித்தான் எழுத வேண்டும். சபையைப் பற்றி எழுதுவதென்றால் என் அலுமாரியிலிருந்து தொடங்க வேண்டும்.

மூவரசர் சபை என்பது எங்கள் கோயில் ஆண்களின் சகோதர சபை. நோயாளிகளைப் பார்ப்பது, செத்த வீட்டுக்குக் கதிரை தூக்குவது, திருநாளுக்குச் சுற்றுப்பிரகாரம் ஒழுங்கு செய்வது எல்லாம் இவர்கள் வேலை. நல்ல வேலைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த வேலைகளைச் செய்ய ஏழு பதவிகளும் ஏழு நிற மேலங்கிகளும் எதற்கு என்று கலியாணமான புதிதில் கேட்டேன். பெனடிக்ட் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அந்தக் கேள்வியை அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

தோளிலிருந்து முழங்கால்வரை வரும் நீள மேலங்கிகள் அவை. சபையை ஆரம்பித்தவர்களுக்கு ராஜாக்களின் நினைப்பு போலும், துணியில் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. தலைவருக்குச் சிவப்பு, துணைத்தலைவருக்கு ஊதா, செயலாளருக்கு நீலம், பொருளாளருக்குப் பச்சை, கொடிக்காரருக்கு வெள்ளை, உட்காவலருக்கு மஞ்சள், வெளிக்காவலருக்குக் காப்பிக் கலர். கூடவே வெளிக்காவலருக்கு ஓர் ஆள் உயரக் கோல், தலையில் பித்தளைச் சிலுவை வைத்தது. அது கோயில் மூலையிலேயே நிற்கும். மற்றதெல்லாம் எங்கள் வீட்டில்.

வீட்டுக்கு வந்த கதை சுருக்கமானது. கோயில் அறையில் வைத்திருந்த காலத்தில் மேலங்கிகளில் பூஞ்சணம் பிடித்தது. கண்டியில் மழை ஆரம்பித்தால் பாட்டாச் செருப்புக்கூடப் பூத்துவிடும், வெல்வெட் துணி என்ன பாடுபடும்? மனையியல் ஆசிரியை ஒருத்தி சபையில் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் இவர்களுக்கு நினைவு வந்தது. ஒரு மாலை பெனடிக்ட் இரண்டு கைகளிலும் அள்ளிக்கொண்டு வந்து கட்டிலில் போட்டார். "கொஞ்ச நாளைக்கு" என்றார்.

அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. என் நல்ல சேலைகள் தகரப் பெட்டிக்குப் போயின. அலுமாரியில் தலைவரும் துணைத்தலைவரும் பூச்சி உருண்டை வாசனையோடு தொங்குகிறார்கள். வெயில் கண்ட நாளில் அவர்களைக் கொடியில் காயப் போடுவேன். ஒரு முறை பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண்மணி எங்கள் வீட்டில் நாடகம் போடப் போகிறார்கள் என்று நினைத்து எந்த நாள் என்று விசாரித்தார். அவர் நினைத்ததில் பெரிய பிழையில்லை.

ஒரு படி, ஒரு வருடம்

எங்கள் சபையில் தேர்தல் கிடையாது. புதிதாகச் சேர்பவர் வெளிக்காவலராகக் கதவுக்கு வெளியே நிற்பார். அடுத்த வருடம் உட்காவலராகிக் கதவுக்கு உள்ளே நிற்பார். பிறகு கொடி, பிறகு பணப்பெட்டி என்று வருடத்துக்கு ஒரு படியாக ஏறித் தலைவராவார். இடையில் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்த் திரும்பினால் முதலிலிருந்து ஏற வேண்டும்.

பெனடிக்டுக்குத் தபால் கந்தோரில் வேலை. கொடிக்காரராக இருந்தபோது ஒரு முறை மாற்றல் வந்தது. செயலாளராக வந்தபோது இன்னொரு முறை. இரண்டு தடவையும் திரும்பி வந்து, முணுமுணுக்காமல் கோலைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் கதவுக்கு வெளியே நின்றார். ஓய்வு பெற்ற பிறகுதான் அவரை யாரும் மாற்ற முடியாமல் போனது.

இந்தச் சிவப்பில் அவருக்கு என்ன இவ்வளவு ஆசை என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டிருக்கிறேன். சிரித்து மழுப்பிவிடுவார். அந்தத் திருநாளுக்கு முந்திய மார்கழியில் அக்காவுக்குத் தொலைபேசியில் பேசியபோதுதான் எனக்குப் புரிந்தது. அடுப்படியில் நின்று கேட்டேன்.

அவர் புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். படிப்பு வந்தது, கண்டிக்கு வந்தார், கந்தோரில் உட்கார்ந்தார். அக்கா தோட்டத்திலேயே இருந்து, கொழுந்து பறித்து, அப்பா அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டார். தம்பி எங்கே வேலை செய்தார், எப்படி இருந்தார் என்று ஒரு நாளும் வந்து பார்த்ததில்லை. வளைவு ரோட்டில் பஸ் ஏறினால் அவருக்குக் குடலைப் பிரட்டும். எங்கள் கலியாணத்துக்கே எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு வந்தவர், படம் பிடிக்கும்வரை இருக்க முடியாமல் படுத்துவிட்டார்.

சபையில் தலைவர்களாக வந்தவர்களெல்லாம் டவுன் குடும்பத்துக்காரர்கள். தோட்டத்திலிருந்து வந்த ஒருவர் அதுவரை சிவப்புப் போட்டதில்லை. யாரும் தடுக்கவில்லை, ஆனால் யாரும் அந்தப் படிவரை வந்து சேர்ந்ததுமில்லை.

அன்று தொலைபேசியில் பெனடிக்ட் கெஞ்சினார். பெரிய பதவி கிடைத்திருக்கிறது அக்கா, ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்றார். என்ன பதவி, என்ன நிறம் என்றெல்லாம் சொல்லவில்லை. வந்து பார்க்கட்டும் என்று வைத்துக்கொண்டார். மதினி முழங்கால் வலியைச் சொன்னார், பஸ்ஸைச் சொன்னார், கடைசியில் சம்மதித்தார். இதுதான் கடைசி, இனிமேல் யார் கூப்பிட்டாலும் பஸ் ஏற மாட்டேன் என்ற நிபந்தனையோடு.

அக்கா பார்க்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். அறுபது வயது தாண்டிய மனிதர் அன்றிரவு கண்ணாடி முன்னால் நின்று தோளை நிமிர்த்திப் பார்த்ததை நான் பார்த்தும் பார்க்காத மாதிரி உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன்.

கிழிந்த கதை

மறுபடி கோயிலுக்குப் போகுமுன் இன்னொரு பழைய கதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஏன் அந்த மேலங்கியை உடனே கழற்றி மாற்றவில்லை என்று கேட்பீர்கள்.

சிவப்பு மேலங்கியின் இடது தோளுக்குக் கீழே ஒரு நீளத் தையல் இருக்கிறது. நான் போட்டதல்ல, எனக்கு முந்திய காலத்தது. இரண்டு மைத்துனர்கள் ஒரே வருடத்தில் தலைவர் பதவிக்கு உரிமை கொண்டாடினார்களாம். ஒருவர் தோளில் போட்டதை மற்றவர் இழுக்க, பூசை முடியும் முன்பே மேலங்கி கிழிந்து, இருவருக்கும் ஆளுக்கொரு பாதி மிஞ்சியதாம். பாதி என்பது கதை சொல்பவர்கள் கூட்டியது. தையலைப் பார்த்தால் ஒரு முழம்கூட இல்லை.

அன்றிருந்த சுவாமியார் கோபத்தில் ஒரு சட்டம் போட்டார். பீடத்தின் முன் குருவின் கையால் தோளில் விழுந்ததை அடுத்த மூவரசர் திருநாள்வரை எந்தக் கையும் இறக்கக் கூடாது. எது விழுந்ததோ அதுவே பதவி. கூடவே இன்னொன்றும் சொன்னார்: மேலங்கி விழுந்த நேரத்திலிருந்து மண்டபத்தில் ஆரம்ப ஜெபம் சொல்லும்வரை சபையில் யாரும் வாய் திறக்கக் கூடாது. கதவில் கேள்வி கேட்க வேண்டியிருப்பதால் வெளிக்காவலருக்கு மட்டும் விதிவிலக்கு. மற்றவர்கள் கதவில் அவருக்குச் சொல்ல வேண்டிய ஒரே ஒரு வரியைச் சொல்லலாம்.

இந்த இரண்டையும் எங்கள் ஆண்கள் திருச்சபைக் கட்டளைகளைவிட ஒழுங்காகக் கடைப்பிடிப்பார்கள்.

தாம்பாளம்

தாம்பாளத்தில் மேலங்கிகளை நான் அடுக்கியதில் பிழை இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்று மாலைக்குள் என்னைப் பற்றி இரண்டு மூன்று பேர் வேறு மாதிரிப் பேசினார்கள் என்று கேள்வி.

மேலங்கி அணிவிப்பது எங்கள் முறைப்படி கீழிருந்து தொடங்கும். முதலில் வெளிக்காவலர், கடைசியில் தலைவர். ஆகவே தாம்பாளத்தில் காப்பிக் கலர் மேலே இருக்கும், சிவப்பு அடியில் இருக்கும். பழைய சுவாமியார் பழகிய கையால் இடது ஓரத்தில் தொடங்கி ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டே வருவார். ஏழு பேருக்கும் சொல்வது ஒரே வசனம்: "இது உன் தோளுக்குப் பாரமாகாதிருக்கட்டும்." பதவியின் பெயரைச் சொல்வதில்லை. பதவியைவிட ஆள் பெரிது என்று காட்டவாம்.

பழைய சுவாமியார் மாற்றலாகிப் போய், அம்பிட்டிய குருமடத்தில் படித்து முடித்த புதியவர் ஒருவர் வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. சிங்களவர், ஆனால் தமிழில் பூசை வைப்பதற்கென்றே உழைத்துப் படித்தவர். நல்ல பிள்ளை. பெரியவருக்குத்தான் முதல் மரியாதை என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. நேரே வலது ஓரத்துக்குப் போய்த் தலைவரிடமிருந்து தொடங்கினார். தாம்பாளத்தில் மேலே இருந்ததை எடுத்தார்.

பெனடிக்டுக்குக் காப்பிக் கலர். துணைத்தலைவராக வேண்டியவருக்கு உட்காவலரின் மஞ்சள். செயலாளராக வேண்டிய மூட்டுவலிக்காரருக்குக் கொடி பிடிக்கும் வெள்ளை. நடுவில் நின்ற பொருளாளர் மட்டும் தப்பினார், அவருக்கு அவருடைய பச்சையே கிடைத்தது. நான் கையை ஆட்டினேன். அவர்கள் பின்னால் நின்று போட்டுக்கொண்டு வந்ததால் சுவாமியாரின் முதுகுதான் எங்கள் பக்கம் இருந்தது. பாட்டுக்காரர்கள் நான் பரவசப்பட்டுவிட்டேன் என்று நினைத்து இன்னும் உரக்கப் பாடினார்கள்.

இடது ஓரத்தில் கடைசியாக நின்றது ஸ்டீபன். டவுனில் போன் திருத்தும் கடை வைத்திருப்பவர், சபைக்குப் புதியவர், முப்பதைத் தாண்டியும் சதை போடாத உடம்பு. சிவப்பு மேலங்கியோ ஆதியில் ஒரு பெருத்த தலைவரின் அளவுக்கு வெட்டியது. அது விழுந்ததும் ஸ்டீபன் தெரியவில்லை. கண்ணைத் திறந்து தன் தோளைப் பார்த்தவர் அப்படியே மறுபடி மூடிக்கொண்டார்.

பெனடிக்ட் கண்ணைத் திறந்ததை நான் பார்க்கவில்லை. முதுகைத்தான் பார்த்தேன். காது இரண்டும் சிவந்திருந்தன. பிறகு மெதுவாக எழுந்து, மூலைக்குப் போய், கோலை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

யார் வருவது?

பூசை முடிந்ததும் நான் நேரே சுவாமியாரிடம் போனேன். மரியாதையாகத்தான் பேசினேன் என்று நினைக்கிறேன். விஷயம் புரிந்ததும் அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு திரும்பவும் செய்துவிடலாம், மனிதர் போட்ட சட்டம்தானே, நானே எல்லோரிடமும் சொல்கிறேன் என்றார். அடுத்த ஞாயிறு மதினி இருக்க மாட்டாரே என்றேன்.

அதற்குள் சபையினர் வரிசையாக மண்டபத்துக்கு வந்துவிட்டார்கள். கோயிலுக்குப் பின்னாலுள்ள ஓட்டுக் கட்டடம் அது, நீண்ட விறாந்தையும் ஒரேயொரு கதவும். கதவு முன்னால் பெனடிக்ட் கோலோடு நின்றார். விருந்தினர்களான நாங்கள் விறாந்தை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். மதினிக்கு மட்டும் ஒரு கதிரை கிடைத்தது.

முறை என்னவென்றால், யார் வந்தாலும் வெளிக்காவலர் கோலைக் குறுக்கே பிடித்து "யார் வருவது?" என்று கேட்பார். வந்தவர் தலை குனிந்து "சகோதரன், சமாதானத்தோடு வருகிறேன்" என்று சொல்ல வேண்டும். கோலால் ஒரு தட்டு, கதவு திறக்கும். தலைவருக்கும் சலுகை கிடையாது, அவரை மட்டும் மூன்று முறை கேட்க வேண்டும். தலைக்கனம் வராமலிருக்க.

பெனடிக்ட் ஒருவர் ஒருவராகக் கேட்டார். தலைவரின் ஜெபங்களை ஒரு மாதமாகக் குளியலறையில் பாடம் செய்த மனிதர். ஆனால் முன்பு மூன்று வருடங்கள் கதவில் நின்ற பழக்கத்தில் இந்தக் கேள்வி தங்குதடையில்லாமல் வந்தது. குரலும் நன்றாக இருந்தது.

கடைசியில் ஸ்டீபன் வந்தார். சிவப்பை இரண்டு கைகளாலும் பாவாடையைப் போலத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"யார் வருவது?" என்று பெனடிக்ட் கேட்டார்.

பாவம் ஸ்டீபன். அந்த ஒரு மாதமும் அவர் மனப்பாடம் செய்தது வெளிக்காவலரின் வசனத்தைத்தான். வேறொன்றும் அவருக்குத் தெரியாது. நிமிர்ந்து நின்று, தெளிவாக, "யார் வருவது?" என்று அவரும் கேட்டார்.

விறாந்தையில் யாரோ தும்முவது போல் சிரித்தார்கள். பெனடிக்ட் சிரிக்கவில்லை. இரண்டாம் முறை கேட்டார். இரண்டாம் முறையும் அதே பதில். மூன்றாம் முறை கேட்குமுன் கோலின் சிலுவைப் பக்கத்தைச் சற்றுச் சாய்த்து, தானே தலை குனிந்து காட்டினார். சொல்லிக்கொடுக்கக் கூடாது, ஆனால் தலை குனியக் கூடாதென்று சட்டமில்லை. ஸ்டீபனுக்கு நினைவு வந்தது. "சகோதரன்" என்று தொடங்கி எப்படியோ முடித்தார். கதவு திறந்தது.

அதன் பிறகு சுவாமியார் வந்தார். அவரும் நின்று, கேள்விக்குப் பதில் சொல்லி, அதற்குப் பிறகுதான் பெனடிக்டின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். அடுத்த ஞாயிறு பற்றியும் சொன்னார். "உள்ளே போங்க ஃபாதர், பிறகு பேசலாம்" என்றார் இவர்.

விறாந்தையில் மூன்று பேர்

விருந்தினர்களும் உள்ளே போய்விட்டார்கள். மிஞ்சியது நாங்கள் மூவர். மதினி கதிரையை விட்டு எழுந்திருக்கவில்லை. அவர் முகத்தில் அப்படியொரு திருப்தியை நான் அதுவரை கண்டதில்லை.

"சாமியாரு கூட ஒன்கிட்ட கேட்டுட்டுத்தானே தம்பி உள்ள போறாரு" என்றார். "எங்க தோட்டத்துல பெரிய தொரைக்குக்கூட இப்படி யாரும் நின்னு பதில் சொல்லி நான் பாத்ததில்ல."

நான் பெனடிக்டின் கையைக் கிள்ளினேன். பேசாமல் இருங்கள் என்பதற்குக் கிள்ளல்தான் எங்கள் வீட்டுப் பாஷை. மதினி தன் தம்பியைத் தலைவர் என்றே நம்பிவிட்டார். அப்படியே பஸ் ஏறிப் போகட்டும். யாருக்கு என்ன நட்டம்?

இந்த மனிதர் கேட்க வேண்டுமே. கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு அக்காவின் கதிரைக்குப் பக்கத்தில் குந்தினார்.

"அக்கா, நான் தலைவர் இல்ல. செவப்புப் போட்டுக்கிட்டுப் போனானே, அவன்தான் தலைவர். எனக்கு வர வேண்டியது மாறிப் போச்சு. இது கடைசிப் பதவி. மொத மொதல்ல சேர்ந்தப்ப நான் பாத்த வேலை."

மதினி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இதற்காகவா இந்த வயதில் வளைவு வளைவாகப் பஸ்ஸில் வந்தார் என்று நினைத்தேன்.

"அந்த நோஞ்சான் பையனா தலைவரு?"

"ஆமாக்கா."

"நீ கதவத் தொறக்காட்டி?"

"உள்ள போக முடியாது. அவன் போகாட்டிக் கூட்டம் நடக்காது."

"இந்த வேலதான் ஒனக்கு மொதல்லயே இருந்துச்சா?"

"மூணு தடவ இருந்திச்சு."

மதினி காப்பிக் கலர் மேலங்கியின் ஓரத்தை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார். துணி நல்ல துணிதான் என்று தெரிந்திருக்கும்.

"அப்பறம் எதுக்குத் தம்பி இத வுட்டுட்டு மேல மேல ஏறுன?"

பெனடிக்ட் சிரித்தார். காலையிலிருந்து காதில் நின்ற சிவப்பு அப்போதுதான் இறங்கியது. குந்தியிருந்தவர் சிரிப்பில் பின்னால் சாயப் போய்க் கதிரைக் காலைப் பிடித்துக்கொண்டார். நானும் சிரித்தேன். நாங்கள் எதற்குச் சிரிக்கிறோம் என்று மதினிக்குப் புரியவில்லை. அவர் கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

வெளிக்காவலர் கடைசியாக உள்ளே வரும்போது சபை முழுவதும் எழுந்து நிற்க வேண்டும். அவர் கதவைச் சாத்திய பிறகுதான் ஆரம்ப ஜெபம். பெனடிக்ட் ஒரு கையில் கோலும் மறு கையில் அக்காவுமாக நுழைந்தார். மேடையில் ஸ்டீபன் உட்பட எல்லோரும் எழுந்தார்கள். மதினி பாதி வழியில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, எல்லோருக்கும் கும்பிடு போட்டார். தலைவராகியிருந்தால் இவர் மேடையில் சிலையாக உட்கார்ந்திருப்பார், மதினி கடைசி வரிசையில் எனக்குப் பக்கத்தில் இருந்து எட்டிப் பார்த்திருப்பார். அது எனக்கு அப்போதே தோன்றியது.

ஜெபம் முடிந்ததும் சுவாமியார் எழுந்து தன் தவறை எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். பெனடிக்ட் ஐயா விரும்பினால் அடுத்த ஞாயிறே சரி செய்யலாம் என்றார். எல்லோரும் திரும்பிக் கதவைப் பார்த்தார்கள்.

"வேண்டாம் ஃபாதர்" என்றார் இவர். "தோள்ல விழுந்தது விழுந்ததுதான். இந்த வருஷம் நான் கதவப் பாத்துக்கிறேன்."

கை தட்டினார்கள். மனம் உடைந்து போனவர் ஸ்டீபன் ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமையோடு விடுதலை என்று நம்பியிருந்திருக்கிறார்.

மதினியை மத்தியான பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். எலுமிச்சம்பழம் இரண்டு கொடுத்தேன். ஜன்னலால் தலையை நீட்டி, அடுத்த வருடமும் இதே கலரையே கேட்டு வாங்கச் சொல் என்று எனக்கு உத்தரவிட்டுப் போனார்.

தையல்

மறுநாள் ஸ்டீபன் சிவப்பு மேலங்கியை ஒரு பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். இதைப் போட்டுக்கொண்டு நடக்கவே முடியவில்லை அக்கா, கொஞ்சம் சின்னதாக்கித் தாருங்கள் என்றார். அளவெடுத்து அனுப்பினேன்.

மேசையில் விரித்துப் போட்டுக் கத்தரிக்கோலை எடுத்தேன். நான்கு விரல் அகலம் போக வேண்டும். வெட்டினால் தையல் சுத்தமாக இருக்கும், துணியும் அழகாக விழும். மடித்துத் தைத்தால் ஓரம் தடிக்கும், ஆனால் வேண்டியபோது பிரித்துப் பெரிதாக்கலாம். பெனடிக்ட் வாசல் பக்கம் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். நேற்றைய பெருந்தன்மை இன்னும் முகத்தில் இருந்தது. காலையிலிருந்து இரண்டு பேர் வந்து பாராட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

"வெட்டவா, மடிச்சுத் தைக்கவா?" என்று கேட்டேன்.

பத்திரிகை அசையவில்லை. சரி, வெட்டிவிடலாம் என்று துணியை இழுத்தேன். பத்திரிகைக்குப் பின்னாலிருந்து, மெதுவாக, குரல் வந்தது.

"மடிச்சே தை ரோஸ்."